ரெண்டு பசங்களையும் உக்கார வச்சுச் சமாதானம் பேசலாமுங்களா?

கேள்வி: நொய்யல்கரை

வணக்கமுங்க. அவிநாசிப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. மேலாண்மைக் குழுவுக்கு வந்திருக்கற விஷயம் இது. ஆறாம் வகுப்புப் பையன், அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க. தமிழ் நல்லாவே பேசறான், சில எழுத்துதான் நாக்குல வரமாட்டேங்குது. அதை வச்சு ஏழாம் வகுப்புப் பசங்க மூணு பேர் தினமும் எகத்தாளம் பண்றாங்க. பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்லை, ‘வடக்கா’தான். சத்துணவுத் தட்டை ஒளிச்சு வைக்கறாங்க. சாயங்காலம் இட்டேரியில, அதாவது ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண்பாதையில, பையைப் புடுங்கி முள்வேலிக்கு மேல வீசறாங்க. மூணு வாரமா நடக்குது. குழுவுல பெரியவங்க, “ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு, கை குடுக்கச் சொல்லி முடிச்சு உட்றலாம்”ங்கறாங்க. சரியா வருமுங்களா? இல்லைன்னா எதுல ஆரம்பிக்கறது?

பதில் 1: பெருந்துறை ஆலோசகர்

வேண்டாமுங்க. வரப்புத் தகராறுன்னா உக்காந்து பேசலாம், ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்க ஏதாவது இருக்கும். இந்தப் பையன் எதை விட்டுக்குடுப்பான்? நார்வேயில இதை முறையா ஆராய்ஞ்ச டான் ஓல்வேயஸ் மூணு அடையாளம் சொன்னார்: வேணும்னே செய்யறது, திரும்பத் திரும்பச் செய்யறது, பலத்துல ஏற்றத்தாழ்வு இருக்கறது. மூணும் இங்க இருக்கு. அதனால இதைச் சண்டைக் கணக்குல சேர்க்க முடியாது. எதிரெதிரா உக்கார வச்சா பையன் அந்த மூணு மூஞ்சியையும் பார்த்துட்டு, “ஒண்ணும் இல்லீங்க சார், சும்மா விளையாட்டு”ன்னு சொல்லிருவான். கையும் குடுப்பான். அன்னைக்குச் சாயங்காலமே இட்டேரியில, “போய்ச் சொன்னியாடா”ன்னு ஆரம்பிக்கும்.

முதல்ல பையன்கிட்டத் தனியாப் பேசுங்க. வகுப்புல எல்லாரும் பார்க்க எழுப்பிக் கூட்டிட்டுப் போகாதீங்க. நோட்டு எடுத்துட்டு வரச்சொல்லற சாக்குல கூப்பிடுங்க. “ஏன் முன்னாடியே சொல்லலை?”ங்கற கேள்வியே வேண்டாம், குத்தம் அவன்மேல திரும்பிரும். “நேத்து மணி அடிச்சதிலிருந்து ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் என்ன நடந்துதுன்னு சொல்லு கண்ணு”ன்னு கேளுங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிராதீங்க. “உனக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன்”னு சொல்லுங்க, அதைக் காப்பாத்த முடியும். அப்பா அம்மாகிட்டப் பேசும்போது தமிழ் பத்தலைன்னா வகுப்புப் பையனை மொழிபெயர்க்க வைக்காதீங்க. பெரியவங்க ஒருத்தரைத் தேடுங்க.

ஒரு நாப்பது பக்க நோட்டுப் போடுங்க. தேதி, நேரம், இடம், யார் செஞ்சது, என்ன செஞ்சது, சுத்தி யார் நின்னாங்க, ஆறும் ஒரே வரியில. வார்த்தையை அவன் சொன்னபடியே எழுதுங்க. ‘கேலி செய்தனர்’னு எழுதினா நாளைக்கு அதுக்கு அர்த்தமே இருக்காது.

அப்புறம் அந்த மூணு பேர். கூட்டமா நிறுத்திக் கேட்டா ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் சிரிப்பான். ஒரே பீரியடுல, வகுப்பு நடக்கும்போதே, ஒருத்தன் பின்னால ஒருத்தனாக் கூப்பிடுங்க. நடுவுல பேசிக்க இடம் குடுக்கக் கூடாது. ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். பையன் சொன்னான்னு சொல்லாதீங்க, பள்ளிக்கூடம் பார்த்ததைச் சொல்லுங்க. அதுக்கு முன்னால பெரியவங்க யாராவது ரெண்டு நாள் இட்டேரிப் பக்கம் கண்ணால பார்த்திருக்கணும். “அவன் படற பாட்டை நிறுத்தறதுக்கு நாளையிலிருந்து நீ என்ன செய்வே?”ன்னு கேளுங்க. ‘நல்லா இருப்பேன் சார்’ங்கறது பதிலே ஆகாது. ‘தட்டைத் தொடமாட்டேன், பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்’ங்கற அளவுக்கு வரணும். ஒரு வாரத்துல ஒருதடவை, அதுக்கு மேல ரெண்டு வாரம் கழிச்சு ஒருதடவை திருப்பிக் கூப்பிட்டு விசாரிங்க. பாதிப் பள்ளிக்கூடத்துல இந்த ரெண்டாவது விசாரிப்புதான் விட்டுப்போகுது. பையனுகளும் அதை எதிர்பார்த்துத்தான் காத்திருப்பாங்க.

பதில் 2: சென்னிமலை டீச்சர்

மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேனுங்க. பள்ளிக்கூடத்தோட படத்தை ஒரு தாள்ல வரைஞ்சு, பயமா இருக்கற இடத்துல பேர் போடாமப் புள்ளி வைக்கச் சொல்லி எல்லாப் பிள்ளைகள்கிட்டயும் குடுங்க. கழிவறை, கைகழுவற குழாய், சத்துணவு வரிசை, ஒரு பீரியட் முடிஞ்சு அடுத்த டீச்சர் வர்றதுக்குள்ள அந்த அஞ்சு நிமிஷம்... புள்ளி பெரும்பாலும் அங்கதான் குவியும். எங்க குவியுதோ அங்க ஒரு பெரியவங்களை நிறுத்துங்க. இட்டேரி பள்ளிக்கூடத்துக்கு வெளிய இருக்குன்னு உட்றாதீங்க. அந்த வழியில போற பிள்ளைகளை நாலஞ்சு பேர் கொண்ட குழுவாப் பிரிச்சு, ஒரே நேரத்துல கிளப்புங்க. முதல் ரெண்டு வாரம் குழு உறுப்பினர் ஒருத்தர் கூட நடக்கட்டும்.

ஒரு பிள்ளை மதியம் முழுக்க ஒண்ணுக்குப் போகாம அடக்கி வச்சுட்டு, ஊட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடுதுன்னா, கழிவறையில என்ன நடக்குதுன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமை பொழுதோட மட்டும் வர்ற வவுத்துவலியையும் அப்படித்தான் பார்க்கணும்.

வேடிக்கை பார்க்கற பிள்ளைகதான் பெரிய பலம். கனடாவுல பள்ளி மைதானத்தைப் படம் பிடிச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2001-ல வந்துது. பத்துல கிட்டத்தட்ட ஒம்பது சம்பவத்துல மத்த பிள்ளைக பக்கத்துல இருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் குறுக்க வந்தபோது பாதிக்கு மேல பத்தே செகண்டுல நின்னுபோச்சு. அதனால நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வரி பழக்கிக் குடுங்க. அடிக்கறவன்கிட்ட வாதாட வேண்டாம். பாதிக்கப்பட்டவன் தோள்ல கையைப் போட்டு, “வாடா, சார் கூப்பிடறாரு”ன்னு கூட்டிட்டு நகர்ந்தாப் போதும். வகுப்புல ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு நடிச்சுக் காட்டச் சொல்லணும். வாயில வந்து பழகாத வார்த்தை அந்த நேரத்துல வராது.

‘வடக்கா’ங்கற பட்டப்பேரைப் பெரியவங்க யாராவது சொல்றாங்களான்னும் பாருங்க. ஆசிரியரோ சமையலம்மாவோ பாசமாச் சொன்னாக்கூடப் பிள்ளைகளுக்கு அது அனுமதிச்சீட்டு.

கேள்வி கேட்டவர்: நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க. அவங்க அப்பா, “நீயும் திருப்பி ஒண்ணு குடுத்துட்டு வா”ன்னு சொல்லி அனுப்பறாருங்க. அதுபோக, பை வீசினதை ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கான். டிசி குடுத்து அனுப்பிருவோம்னும் ஒரு பேச்சு ஓடுது.

பதில் 3: குழந்தை நலப் பணியாளர்

திருப்பி அடிச்சா மூணு வாரத்துக் கதை அழிஞ்சு, அந்த ஒரு அடிதான் கணக்குல நிக்கும். மூணு பேருக்கு எதிரா ஒருத்தன், அடியும் அவனுக்குத்தான் அதிகம் விழும். அப்பாகிட்ட இதைச் சொல்லிப் புரிய வைங்க, கோபப்படாதீங்க. அவருக்கு வேற வழி தெரியலை.

வீடியோவை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, தலைமையாசிரியருக்குக் கூட நேர்ல காட்டுங்க. குரூப் பேர், அனுப்பினவன் நம்பர், தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அப்புறம் நீக்கச் சொல்லுங்க. முதல்ல அழிச்சுட்டா ஆதாரம் போச்சு. மிரட்டல், பொய்ப் படம்னு போனா சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசலாம்.

டிசி மிரட்டலை உடனே நிறுத்துங்க. 2009 கல்வி உரிமைச் சட்டம் 16-வது பிரிவுப்படி தொடக்கக் கல்வி முடியற வரைக்கும், அதாவது எட்டாவது வரைக்கும், எந்தப் பிள்ளையையும் வெளியேத்த முடியாது. 17-வது பிரிவு அடிக்கறதையும் மனசு நோகப் பண்றதையும் தடுக்குது. இந்த மூணு பேரையும் பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாதுங்கறதும் அதுல அடக்கம்.

சில விஷயத்தைப் பள்ளிக்குள்ள பேசி முடிக்கவே கூடாதுங்க. உடுப்பைக் கழட்ட வச்சது, தொடக்கூடாத இடத்துல தொட்டது, அப்படிப் படம் எடுத்ததுன்னா போக்சோ சட்டம் 2012. தெரிஞ்சவங்க போலீசுல சொல்லியே ஆகணும், மறைச்சா அதுவே குத்தம். சாதி சொல்லித் திட்டறதும் அடிக்கறதும் இருந்தா அதையும் சமாதானத்துல புதைக்காதீங்க. குழந்தைகள் உதவிக்கு 1098, 24 மணி நேரமும் எடுப்பாங்க. பள்ளிக் கல்வித்துறைக்கு 14417.

பையன் ‘செத்துப் போலாம்னு இருக்கு’ன்னு ஒருதடவை சொன்னாலும் விளையாட்டா எடுக்காதீங்க. நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வராது. தனியா உடாதீங்க. ஊட்டுலயும் தோட்டத்துச் சாளையிலயும் இருக்கற பூச்சிமருந்து, வாசல் தெளிக்கற சாணிப்பவுடர் (அதுவும் விஷம்), மாத்திரை எல்லாத்தையும் அன்னைக்கே அப்புறப்படுத்துங்க. மனநல உதவிக்கு 14416, தமிழ்லயே பேசலாம்.

பதில் 4: கோபி பள்ளிக் குழு

அந்த மூணு ஊட்டுக்கும் தனித்தனியாப் போங்க. ஊர் முன்னால கூப்பிட்டா, “எங்க பையன் அப்படிப் பண்ணமாட்டான்”ங்கறதுலயே நின்னுக்குவாங்க. நோட்டுல இருக்கற ரெண்டு வரியைப் படிச்சுக் காட்டுங்க. ‘உங்க பையன் ரவுடி’ன்னு பேச்சை ஆரம்பிக்காதீங்க. “செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு இட்டேரியில பையை வீசினான், இது நிக்கணும்”னு சொன்னாப் போதும். ஊட்டுல தோலை உரிச்சுற வேண்டாம்னும் கேட்டுக்கங்க. வாங்கின அடிக்குப் பதில் மறுநாள் அந்தப் பையன் முதுகுலதான் விழும். கிழிஞ்ச பையை மூணு ஊடும் சேர்ந்து வாங்கிக் குடுக்கட்டும். மன்னிப்பு, கைகுலுக்கல் எல்லாம் பையனே கேட்டாப் பார்த்துக்கலாம்.

கேள்வி கேட்டவர்: நொய்யல்கரை

சரிங்க. நோட்டு இன்னைக்கே போட்டாச்சு. நாளை மறுநாள் இட்டேரியில நிக்கறதுக்கு ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒடியா தெரிஞ்ச அம்மா ஒருத்தர் ஞாயித்துக்கிழமை அவங்க ஊட்டுக்குக் கூட வர்றதாச் சொல்லியிருக்காங்க.