குட்டி யானைக்கு ரெண்டு பட்டை சேர்த்தா ஒன்றரை டன்னாம்!

மேட்டுக்காட்டான்: நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார்: குட்டி யானைக்கு, அதான் டாடா ஏஸுக்கு, பின்னாடி கமான் பட்டை (பாரம் தாங்குற ஸ்பிரிங் பட்டை) ரெண்டு சேர்த்தாராம், ஒன்றரை டன் மரவள்ளி அலுங்காம போகுதாம். 2005-ல டாடா ஏஸ் வந்தப்பவே அதுக்குச் சொன்ன பாரம் முக்கால் டன். ரெண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். பட்டை சேர்த்தா வண்டி குனியாது, அவ்வளவுதான். அச்சு அதேதானே? பிரேக்கு?

கிழங்குக்காரன்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு அதே வண்டியிலதான் ஓட்டுறேன். அச்சு ஒடியல.

மேட்டுக்காட்டான்: ஒடியலைன்னா தாங்குதுன்னு அர்த்தமா? பட்டை வளையாட்டி குழியில விழற அடி நேரா சேஸிக்குப் போகும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயும் அந்த லோடோட இறங்கிப் பாருங்க. அங்க பட்டையா வந்து பிரேக் பிடிக்கும்?

கிழங்குக்காரன்: என் காடு தலைவாசல்ல இருக்கு. நான் எதுக்குங்க கொல்லிமலை ஏறணும்?

பிக்கப்தாசன்: ரெண்டு பேரும் விடுங்க. பொலிரோ பிக்கப்ல 1.7 டன் மாடலே இருக்கு. பட்டையும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம்.

கிழங்குக்காரன்: தவணை நீங்க கட்டுறீங்களா? மில்லுல பாயிண்டு (கிழங்குல இருக்கிற மாவுச்சத்து அளவு) குறைச்சுப் போட்டு அடிக்கிறான், இதுல பிக்கப்பு.

டிராக்டர் மாமா: கிழங்கைப் பிடுங்கின அன்னிக்கே மில்லுல சேர்த்தா பாயிண்டு ஏன் குறையுது? டிரெய்லர்ல ஒரே நடையில முடிஞ்சிரும். எங்க ஊர்ல எல்லாருக்கும் என் டிரெய்லர்தான்.

மேட்டுக்காட்டான்: மாமா, விவசாயத்துக்குன்னு பதிஞ்ச டிரெய்லரை வாடகைக்கு விடுறதை இங்க வந்து பெருமையா வேற சொல்றீங்க. பாரம் கூடினா 20,000 அபராதம், கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. ஆர்.சி.யில ஏத்தாம வண்டியை மாத்துறதும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தப்பு.

டிராக்டர் மாமா: போன வருஷம் உங்க மஞ்சளை ஈரோட்டுக்கு ஏத்தினப்ப இந்தச் சட்டமெல்லாம் எங்க போச்சு மாப்ள?

மேட்டுக்காட்டான்: அது வேற விஷயம்.

பிக்கப்தாசன்: அதான பாத்தேன் 😂

மேட்டுக்காட்டான்: சிரிங்க. பழைய ஜீப்பை வெட்டி லோடு வண்டி ஆக்கலாம்னு இங்க யோசனை சொன்னதே நீங்கதான, பிக்கப்தாசன்? எஃப்.சி.யில (வண்டித் தகுதிச் சோதனையில) திரும்பி வந்த கதை எனக்குத் தெரியும். பேச்சை மாத்தாதீங்க. கிழங்குக்காரர் அச்சு மாத்தினாரா இல்லையா?

கிழங்குக்காரன்: மறுபடியும் அச்சா! எங்க மெக்கானிக் முப்பது வருஷமா பட்டறை வச்சிருக்கார். ரெண்டு பட்டை போதும்னு அவரே சொன்னார்.

மேட்டுக்காட்டான்: பட்டை விக்கிறவர் வேற என்ன சொல்வார்?

புதுசு: அண்ணா, எனக்குத் தேங்காய் லோடு. அசோக் லேலண்ட் தோஸ்த் ஒண்ணேகால் டன் தாங்கும்ங்கறாங்க. பழசு வாங்கலாமா?

மேட்டுக்காட்டான்: இருங்க தம்பி. முதல்ல அச்சுக்குப் பதில் வரட்டும்.

கிழங்குக்காரன்: வராது. லோடு ஏத்திட்டு இருக்கேன்.