கரிகாலனைக் கொன்னது யாரு? கடம்பூர் இருட்டும் உடையார்குடி கல்வெட்டும்

கெடிலக்கரை (கடலூர்):

மஞ்சக்குப்பத்துல நடக்குற வாசகர் வட்டத்துல கல்கியோட பொன்னியின் செல்வன் நாவல் ஐந்து பாகமும் இந்த மாசம் முடியுது. கடைசிக் கூட்டத்துக்கு ஒரே பொருள்தான்: சுந்தர சோழரோட மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு. கூட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே நாலு கட்சி ஆயிடுச்சு.

கிழட்டுச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் சபையில ஒப்புக்கொண்டதுதான் நிஜம்னு ஒரு கட்சி. கை அவரோட இளம் மனைவி நந்தினியோடது, கிழவர் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார்னு ரெண்டாவது. கரிகாலன் சாவைத் தேடித்தான் கடம்பூர் வந்தான், தன்னைத் தானே முடிச்சுக்கிட்டான்னு மூணாவது. நாலாவது கட்சி பேச்சே வேற: "நாவலை மூடுங்க, உடையார்குடி கல்வெட்டுல கொலைகாரன் பேரே இருக்கு, ரவிதாசன்தான்."

எனக்கு வேண்டியது ரெண்டு. நாவலுக்குள்ள இருக்கிற சாட்சியில எது நிக்கும், எது நிக்காது? கல்வெட்டை நாவல் வழக்குல சாட்சிக் கூண்டுல ஏத்தலாமா? கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு அந்தக் கல்வெட்டு இருக்கற காட்டுமன்னார்கோயில் போய்வர எண்ணம். போனா எதைப் பார்க்கணும்னும் சொல்லுங்க.

தூமகேது:

முதல்ல எல்லார் கையிலயும் இருக்கறது ஒரே புத்தகமான்னு பாருங்க. நாட்டுடைமை ஆன நூல், ஆளாளுக்குப் பதிப்பு போட்டிருக்காங்க. சுருக்கப் பதிப்பும் கலந்து கிடக்கு. பாகவாரியா அத்தியாயம் 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்தப் பதிப்பை வைச்சு வழக்காடாதீங்க. கடைசியில கல்கியோட முடிவுரை இருக்கான்னும் புரட்டிப் பாருங்க. தொடர் முடிஞ்சதும் "அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள்"னு கேட்ட வாசகர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. பாதிச் சண்டை அதைப் படிக்காததால வர்றது.

அடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் "இதைச் சொல்றது யாரு"ன்னு பென்சிலால குறிங்க. கதைசொல்லி தன் வாயால சொன்னதுக்கு ஒரு குறி, பாத்திரம் சொன்னதுக்கு வேற குறி. ஐந்தாம் பாகத்துல "காரிருள் சூழ்ந்தது" அத்தியாயத்தையும் அதுக்கு முன்னாடி பின்னாடி நாலஞ்சு அத்தியாயத்தையும் இப்படிக் குறிச்சா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். கரிகாலன் மேல ஆயுதம் பாய்ற அந்த ஒரு கணத்தைக் கதைசொல்லி தன் பொறுப்புல சொல்றதே இல்லை. விளக்கு அணையுது. அந்த அறை பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கிற கதாநாயகன் வந்தியத்தேவன் கண்ணாலதான் நமக்குத் தெரியுது, அவன் பார்வையும் மறையுது. அதுக்கப்புறம் வர்றது முழுக்க வாய்ச்சொல்தான்.

வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு மதிப்புன்னு கல்கியே அளந்து வைச்சிருக்கார். வந்தியத்தேவனைக் காப்பாத்த, அவனை விரும்பற கடம்பூர் வீட்டுப் பொண்ணு மணிமேகலையும் கொலையைத் தன் தலையில ஏத்திக்கிறா. அது பொய்யின்னு படிக்கிற எல்லாருக்கும் தெரியும். அன்புக்காகப் பொய் வாக்குமூலம் தர்ற ஒருத்தியைக் காட்டின பிறகுதான் கிழவரைச் சபையில பேச வைக்கிறார். ஆகவே ரெண்டாம் கட்சிக்கு இடம் இருக்கு. நந்தினிக்காக எதையும் செய்யற மனுஷன் அவர்னு முதல் பாகத்துலேருந்தே சொல்லியாச்சு. ஆனா இடம் இருக்கறது வேற, நிரூபணம் வேற. அவர் வாக்குமூலத்தைப் பொய்னு காட்ட ஒரு வரிகூட நாவல்ல கிடையாது. மணிமேகலை சொன்னதை உடைக்கச் சாட்சி உண்டு, கிழவர் சொன்னதை உடைக்க ஆள் இல்லை. நான் நீதிபதியா இருந்தா முதல் கட்சிக்குத்தான் தீர்ப்பு எழுதுவேன், கொஞ்சம் பேனா தயங்கும்.

மூணாம் கட்சி கரிகாலன் மனநிலையைச் சரியாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா சாக விரும்பினான்ங்கறதுக்கும் தன் கையால செத்தான்ங்கறதுக்கும் நடுவுல ஒரு படி இருக்கு. அந்தப் படியை அவங்க தாண்டிக் குதிக்கிறாங்க.

இன்னொரு கேள்வியும் கூட்டத்துல போடுங்க: ஆயுதம் எது? கதை நெடுக நந்தினி பூசை பண்ணிட்டு வர்றது மீன் பொறிச்ச வாள். கிழவர் வாக்குமூலத்துல வர்றது கத்தி. நாலு பாகமா அவ்வளவு பெரிசா வளர்த்த வாள் கடைசியில வேலைக்கு வராம போறதுதான் எனக்குப் பெரிய ஆதாரமாப் படுது. நந்தினியால முடியலைன்னு கல்கி சொல்ற முறை அது.

வடவாறு:

கல்வெட்டுக்கு வர்றேன். நாலாம் கட்சி நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு அது. கல்வெட்டுகளை அச்சிடற எபிகிராபியா இண்டிகா இதழோட 21ஆம் தொகுதியில 27ஆம் எண்ணா அச்சாகியிருக்கு. "கோராஜகேசரிவர்மர்க்கு யாண்டு 2" ன்னு ஆரம்பிச்சு, வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களுக்கு (ஊர்ச் சபையாருக்கு) சக்கரவர்த்தி அனுப்பின ஸ்ரீமுகம், அதாவது அரச ஓலைன்னு போகும். "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று த்ரோஹிகளான" ன்னு சொல்லி வரிசையாப் பேர்: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேச்வரனான இருமுடிசோழ பிரமாதிராஜன். நாவல்ல வர்ற சோமன் சாம்பவன், ரவிதாசன், ரேவதாசக் கிரமவித்தன் எல்லாம் இங்கேருந்து எடுத்த பேர்தான்.

இதுல மூணு இடத்துல ஆளுங்க வழுக்குறாங்க.

ஒண்ணு, ராஜா பேர். கல்வெட்டுல ராஜராஜன்னு இல்லை, ராஜகேசரின்னுதான் இருக்கு. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரின்னு மாத்தி மாத்திப் பட்டம் வைச்சுக்கிட்டவங்க. சுந்தர சோழர் ராஜகேசரி, உத்தம சோழர் பரகேசரி, ராஜராஜன் மறுபடி ராஜகேசரி. கரிகாலன் செத்தது சுந்தர சோழர் ஆட்சியோட கடைசிக் காலத்துல, 970 வாக்குல. அப்ப சுந்தர சோழரோட 2ஆம் ஆண்டு பொருந்தாது, மிச்சம் ராஜராஜன்தான். அவன் பட்டத்துக்கு வந்தது 985, ஆக கல்வெட்டு 987 ஒட்டி. இந்தக் கணக்குத் தெரியாம "ராஜராஜன்னு எழுதியிருக்கு"ன்னு கூட்டத்துல சொன்னீங்கன்னா யாராவது எழுந்து கேட்பாங்க.

ரெண்டு, இது கொலை வழக்குத் தீர்ப்பு இல்லை. துரோகிகள், அவங்க உறவுக்காரங்க நிலத்தைப் பறிச்சு விக்கச் சொன்ன ஆணையும், அதை ஒருத்தர் விலைக்கு வாங்கி தருமத்துக்கு விட்டதும்தான் விஷயம். எங்க கொன்னாங்க, எப்படிக் கொன்னாங்க, எதுக்குக் கொன்னாங்க, மூச்சே இல்லை. கல்வெட்டு உடையார்குடியில இருக்கறதுக்குக் காரணம் நிலம் அந்த ஊர்ச் சபை எல்லையில இருந்தது. கொலை நடந்த இடம்னு அதை வைச்சுச் சொல்ல முடியாது. கடம்பூர் மாளிகை கல்கி கட்டினது.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்ச இடம். "பாண்டிய ஆபத்துதவிகள்"னு, பாண்டியனுக்காகப் பழிவாங்கக் கிளம்பின கூட்டம்னு நாவல் சொல்றதை அப்படியே கல்வெட்டு மேல ஏத்திடறாங்க. பஞ்சவன்னா பாண்டியன், ஆகவே ரவிதாசன் பாண்டிய ஆள்னு வாதம். சரி, அவன் சொந்தத் தம்பி பட்டம் என்ன? இருமுடிசோழ பிரமாதிராஜன். அண்ணன் பாண்டிய உளவாளி, தம்பி சோழ அதிகாரியா? பிரமாதிராஜன்ங்கறது பிராமண அதிகாரிகளுக்கு ராஜா கொடுக்கற பட்டம். பாண்டியனை ஜெயிச்ச சோழனும் பஞ்சவன்ங்கற சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டான். ராஜராஜன் தேவியே பஞ்சவன்மாதேவி. அதனால மூணு பேரும் சோழ அரசாங்கத்துல உசந்த பதவி வகிச்சவங்களா இருந்திருக்கலாம். அப்படின்னா கொலை அரண்மனைக்கு உள்ளேருந்து வந்ததா? இந்தக் கேள்வி நாவல்ல வர்ற எந்தத் திருப்பத்தையும் விடக் கனமானது.

பாகூரான் (புதுச்சேரி):

வடவாறு சார் கடைசியா விட்ட கேள்வியைத்தான் சோழர் வரலாறு எழுதின நீலகண்ட சாஸ்திரி பிடிச்சுக்கிட்டார். அவர் வாதம் இது: உத்தம சோழர் பதினஞ்சு வருஷம் போல ஆண்டும் கொலைகாரங்க மேல நடவடிக்கை இல்லை, ராஜராஜன் வந்த ரெண்டாம் வருஷம் நிலம் பறிபோகுது. திருவாலங்காட்டுச் செப்பேடு வேற, சித்தப்பாவுக்கு (உத்தமருக்கு) ஆசை இருக்கற வரைக்கும் அருள்மொழி (ராஜராஜன்) மனசாலகூட ராஜ்யத்தை விரும்பலைன்னு சொல்லுது. ரெண்டையும் கூட்டினா சந்தேகம் உத்தமர் மேல.

இன்னொரு வரலாற்று ஆய்வாளர் சதாசிவ பண்டாரத்தார் இதை ஒத்துக்கலை. எனக்கும் ஒட்டலை. அண்ணனைக் கொன்னவர் குடும்பம்னு நினைச்சிருந்தா, உத்தமரோட மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை ராஜராஜன் கோயில் காரியங்களைப் பார்க்கிற அதிகாரியா வைச்சிருப்பானா? தன் பையனுக்கே மதுராந்தகன்னு பேர் விட்டிருப்பானா? அந்தப் பையன்தான் பின்னாடி ராஜேந்திரன். உத்தமரோட அம்மா செம்பியன் மாதேவிக்கும் கடைசி வரை மரியாதை குறையலை. அப்புறம் கல்வெட்டு ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் காட்டின மாதிரி, இந்தக் கல்வெட்டு நில விற்பனை பத்திப் பேசுதே ஒழிய, அதுக்கு முன்னாடி தண்டனையே நடக்கலைன்னு எங்கயும் சொல்லலை. பதினஞ்சு வருஷ மௌனம்ங்கறது நம்ம கையில ஓலை இல்லாத மௌனம்.

இங்கதான் கல்கியோட கைவேலை தெரியும். சரித்திரத்துல சந்தேகத்துக்கு ஆளான ஒரே மதுராந்தகனை (உத்தமரோட இன்னொரு பேர்), குழந்தையிலேயே பிள்ளைங்க மாறிப்போச்சுன்னு கதை கட்டி, அவர் ரெண்டா வெட்டிட்டார். ஆசை, சதி எல்லாத்தையும் ஒரு மதுராந்தகன் கிட்ட கொடுத்துப் பாண்டியர் பக்கம் தள்ளிவிட்டார். பட்டம் ஏறினவனைப் பூ கட்டற சேந்தன் அமுதனா ஆக்கிட்டார். உத்தம சோழர் சுத்தமாயிட்டார், செம்பியன் மாதேவி வயிறும் களங்கப்படலை. 2023ல வந்த ரெண்டாம் பாகப் படத்துல இந்தப் பிள்ளை மாற்றத்தை எடுத்துட்டதால அந்த வேலைப்பாடு மொத்தமாப் போச்சு. படம் மட்டும் பார்த்தவங்க கூட்டத்துக்கு வந்தா இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லேன்னா அரை மணி நேரம் குறுக்குப் பேச்சுலயே போயிடும்.

எபிகிராபியா தொகுதி தேடி அலைய வேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்துல கேளுங்க. அடையாள அட்டையோட, வார நாள்ல போங்க.

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி. நாலாம் கட்சிக்காரர் ஒருத்தர் இதைப் படிச்சுட்டு "சரி, கல்வெட்டை நேர்ல பார்த்துட்டுப் பேசறேன்"னு இறங்கி வந்திருக்கார். எங்களால அதை நேர்ல படிக்க முடியுமா? போற வழியும் சொல்லுங்க.

வடவாறு:

சிதம்பரம் போய் அங்கேருந்து காட்டுமன்னார்கோயில் பஸ், சுமார் 25 கிலோமீட்டர். வண்டி வைச்சுக்கிட்டா சேத்தியாத்தோப்பு வழியா வாங்க, வந்தியத்தேவன் குதிரையில வந்த வீராணம் ஏரிக்கரை கூடவே வரும். நாவல் தொடங்கற ஆடிப்பெருக்கு அன்னிக்கே போகணும்னு அடம்பிடிக்காதீங்க. கொள்ளிடம் கீழணையிலேருந்து வடவாறு வழியாத்தான் ஏரிக்குத் தண்ணி. மேட்டூர் திறக்கறது பிந்தினா ஆடியில ஏரி வெறிச்சுனு கிடக்கும்.

ஊர்ல இறங்கி "பெரிய கோயில்"னு கேட்டா வீரநாராயணப் பெருமாள் கோயிலைக் காட்டுவாங்க. அதுவும் பார்க்க வேண்டியதுதான், வைணவ ஆசாரியர் நாதமுனிகள் ஊர். நீங்க கேட்க வேண்டியது உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். உச்சிக்கு நடை சாத்திடுவாங்க, காலையிலயே போயிடுங்க. குருக்கள் கிட்ட முன்னாடியே சொல்லிட்டு உள்ள போங்க.

எழுத்து தெரிய மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் கல்லுல தேய்க்காதீங்க. டார்ச்சை நேரா அடிச்சா எழுத்து மறையும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல பிடிச்சா பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒரே இடத்தை இடப்பக்க வெளிச்சத்துல ஒண்ணு, மேல்பக்க வெளிச்சத்துல ஒண்ணுன்னு ரெண்டு படம் எடுங்க. ஒண்ணுல விழாத கோடு இன்னொண்ணுல விழும். மைப்படி (கல்லுல தாளை ஒட்டி மை தடவிப் பிரதி) எடுக்கறது அனுமதி வாங்கிச் செய்யற வேலை, அதுல இறங்காதீங்க.

அச்சுப் பாடத்தைக் கையில வைச்சுக்காம முதல் வரி கூட நகராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஒகரத்துல குறில் நெடில் வித்தியாசமும் இருக்காது. "கோராஜகேசரி"யில வர்ற கோவும் "கொன்று"ல வர்ற கொவும் கண்ணுக்கு ஒண்ணுதான். ஆண்டு எண் ௨ பார்க்க உ மாதிரியே இருக்கும். வடசொல் வர்ற இடமெல்லாம் சமஸ்கிருதம் எழுதற கிரந்த எழுத்து, அதனால "த்ரோஹி"யைத் தமிழ் எழுத்துல தேடினா கிடைக்காது. தேட வேண்டியது "கரிகால". நாலு எழுத்தும் தமிழ்தான், இன்னிக்கு வடிவத்துக்கு ரொம்ப தூரமும் இல்லை. அது சிக்கிட்டா அங்கேருந்து வலப்பக்கமாப் போங்க, "கொன்று" தானா வரும்.