மேடையில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரே ஒரு இடம்: பகிருங்கள்

ஒளிக்காரர்:
விஜய் டெண்டுல்கரின் மராத்தி நாடகம் ‘கிதாடே’, 1970. அண்ணன்மார் உதைத்துக் கரு கலைந்த மாணிக், சேலையில் கறையோடு வரும் இடம். சிவப்புக் கறை கூடாது என்றது தணிக்கை. இயக்குநர் ஸ்ரீராம் லாகூவின் குழு நீலமாக்கிவிட்டு, ‘நீலத்தைச் சிவப்பாகப் பாவித்துக்கொள்ளுங்கள்’ என்று பார்வையாளர்களிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அதன்பின் யாருடைய கண் வேறெங்கே போகும்? இப்போது போடுகிறவர்கள் கவனிக்க: வெளிர் சேலை மீது சிவப்புத் தாள் போட்ட விளக்கு விழுந்தால் சிவப்புக் கறை கரைந்து போகும். நீலம் வைத்தால் மஞ்சள் விளக்கில் கறுத்து, மை கொட்டினதுபோல ஆகும்.

உடைப்பெட்டி:
ரத்தம் காட்டினால்தான் உறுத்துமா? மோகன் ராகேஷின் இந்தி நாடகம் ‘ஆதே அதூரே’ (1969) பாருங்கள். சம்பாதிப்பவள் சாவித்திரி, வீட்டை விட்டுப் போக வழி தேடுகிறவளும் அவளே. அவள் எதிர்கொள்ளும் நான்கு ஆண்களும், முன்னுரை சொல்லும் கறுப்பு சூட்காரரும் ஒரே நடிகர். நான்கு பேரின் உடையையும் ராகேஷே எழுதிவிட்டார்: கணவன் மகேந்திரநாத்துக்குச் சட்டை, சிங்கானியாவுக்கு மூடிய கழுத்துக் கோட்டு, ஜக்மோகனுக்கு டீ-ஷர்ட், ஜுனேஜாவுக்குப் பழைய தையலில் நீளக் கோட்டு. விக், ஒட்டுமீசை வைத்தால் கெட்டது. ஒரே ஆள் என்று சபைக்குத் தெரியாவிட்டால், ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்று சாவித்திரி வெடிப்பது வெறும் கத்தல். சட்டென்று உடை மாற்ற வெல்க்ரோ வேண்டாம், கிழிக்கிற சத்தம் மூன்றாம் வரிசை வரை கேட்கும். பிரஸ் பட்டன் தையுங்கள். அது வெளியே தெரியாமல் மேலே பொய்ப் பொத்தான். மாற்ற உதவிக்கு இரண்டு பேர். ஒருவர் கோட்டுக்கு, ஒருவர் காலணிக்கு. கோட்டை உள்புறம் விரித்தே மாட்டி வையுங்கள்.

பசைவாளி:
உடைப்பெட்டி, கேட்டது ஒரு காட்சி, நீங்கள் தையல் வகுப்பு எடுக்கிறீர்கள்.

டெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ (1972) என்றாலே, சகாராம் வீட்டில் வைத்துக்கொள்ளும் இரு பெண்களில் சம்பா குடிப்பதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். உறுத்துவது மற்றவள் லட்சுமி எறும்போடு கொஞ்சிப் பேசும் இடம். பூஜை, விரதம், எறும்புக்குக்கூட இரக்கம். அதே வாய்தான் பின்னால் சம்பாவைச் சகாராமிடம் காட்டிக்கொடுக்கிறது. அவன் சம்பாவைக் கொன்றதும் பிணத்தைப் புதைக்கக் கைகொடுப்பவளும் அவளே. எறும்பு நிற்கும் இடத்தை ஒத்திகையிலேயே சாக்பீஸால் குறித்துவிடுங்கள். நடிகையின் பார்வை அரை அடி தவறினாலும் சபை சிரித்துவிடும். சிரித்தால் அவளைக் கிறுக்கி என்று ஒதுக்கிவிடுவார்கள், அப்புறம் கடைசிக் காட்சி யாருக்கும் சுடாது.

ஒளிக்காரர்:
சாக்பீஸ் கோடு முன்வரிசைக்குத் தெரியும். தரை நிறத்திலேயே டேப் ஒட்டுங்கள்.