மலேசியாவில் மைலோவுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பிள்ளைக்குத் தினமும் கொடுக்கலாமா?

காவேரிப்பட்டணம்_செல்வி:
பினாங்கில் இருக்கும் சித்தி மகள் எப்போது வந்தாலும் பெட்டியில் துணிக்கு அடியில் பச்சை மைலோ பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டுதான் வருகிறாள், இங்கேதான் பூஸ்ட், போர்ன்விட்டா எல்லாம் கிடைக்கிறதே என்றால் அது வேற இது வேற என்கிறாள். ஒரு பொடி மேல் அந்த ஊருக்கே இவ்வளவு பிரியம் எப்படி வந்தது? அப்புறம், ஆறு வயது மகன் தினமும் கேட்கிறான். கொடுக்கலாமா, ராகி மால்ட்டே போதுமா?

ஓசூர்_ஷிப்ட்:
அக்கா, நான் ஜொகூரில் வேலை பார்த்தவன். அங்கே மைலோ சின்ன வயதிலிருந்தே கூட வருவது. பள்ளி விளையாட்டு விழா என்றால் பச்சை வண்டி வந்து நிற்கும், வெயிலில் ஓடி வந்த பிள்ளைகளுக்குச் சில்லென்று ஒரு கப். அந்த ருசி யாருக்கு மறக்கும்? மாமாக் கடைகளில், அதாவது அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில், ஐஸ் மைலோ மேல் கரையாத பொடியைக் குவித்து 'மைலோ டைனோசர்' என்று தருவார்கள். ஆனால் அது பிறந்தது மலேசியாவில் இல்லை. 1934இல் ஆஸ்திரேலியாவில் நெஸ்லேவின் தாமஸ் மெய்ன் உருவாக்கினார், பெயர் பழைய கிரேக்க மல்யுத்த வீரன் ஒருவனுடையது. விளையாட்டையும் அந்த டப்பாவையும் பிரிக்கவே முடியாது. நம்ம ஊரில் கபில்தேவும் சச்சினும் பூஸ்ட் விளம்பரத்தில் வந்ததும் அப்படித்தானே.

பாலக்கோடு_ராகி:
செல்வி, ராகி மால்ட்டைக் குறைவாக நினைக்காதே. இரண்டும் முளைகட்டிய தானியம்தான், மைலோவில் பார்லி, இங்கே கேழ்வரகு. தானியம் முளைக்கும்போது அதில் உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது, அதனால்தான் முளைகட்டிய மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டிப்படாமல் லேசான இனிப்போடு இருக்கும். கேழ்வரகைக் கழுவி இரவு ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி வை. முளை வந்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் அரைத்துச் சலித்துக்கொள். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும், அதில் மட்டும் அவசரப்படாதே. பாலில் காய்ச்சி வெல்லமும் துளி கொக்கோ தூளும் போட்டால் பிள்ளைகள் குடித்துவிடுகிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம்ம தர்மபுரி மாவட்டத்தில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டமே வந்தது. களி தின்று வளர்ந்த மண்ணில், விருந்தாளி வந்தால் மட்டும் டப்பாவைத் தேடுகிறோமே என்று எனக்கு வருத்தம்தான்.

கிருஷ்ணகிரி_அப்பா:
செல்வி, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமாக உள்ள பொருள்தான் முதலில் அச்சாகும். சர்க்கரை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது, ஏனென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அதற்காக விஷம் என்று ஒதுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மைலோ கொடுங்கள், மற்ற நாள் ராகி. சத்து பெரும்பாலும் பாலில்தான் இருக்கிறது.

காவேரிப்பட்டணம்_செல்வி:
எல்லாருக்கும் நன்றி. பாலக்கோடு அக்கா, கொக்கோவைக் கொதிக்கும்போதே போடணுமா, இறக்கிய பிறகா?

பாலக்கோடு_ராகி:
கொஞ்சம் ஆறின பாலில் மாவோடு சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வை. வெல்லம் மட்டும் இறக்கிய பிறகு, இல்லையென்றால் பால் திரிந்துவிடும்.