என்கவுன்ட்டர் பேலன்ஸ்: சமநிலையா, ஈடா, வரம்பா?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

மேசைக் கதையாட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) நடத்தப் புதிதாக வருகிறவர்களுக்கான கையேட்டில் "என்கவுன்ட்டர் பேலன்ஸ்" பகுதிக்கு வந்திருக்கிறோம். கேம் மாஸ்டருக்குக் கதைநடத்துநர், ஹிட் பாயின்டுக்கு (ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) உயிர்ப்புள்ளி, பார்ட்டிக்குக் குழு என்று முன்பே முடிவாகிவிட்டது. இது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. என்கவுன்ட்டர் என்று அப்படியே விட்டால் தமிழ்நாட்டு வாசகர் போலீஸ் செய்தி என்று நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: மோதல் சமநிலை. குழுவின் பலத்துக்கு ஏற்றபடி எதிரிகளையும் பொறிகளையும் அமைப்பது என்ற பொருளில். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

ஜார்ஜ்டவுன், பினாங்கிலிருந்து

> என் பரிந்துரை: மோதல் சமநிலை.

இரண்டு பாதியுமே உதைக்கிறது, ஐயா.

முதலில் "மோதல்". பூட்டிய கதவு, இடிந்த பாலம், லஞ்சம் கேட்கும் காவலாளி எல்லாமே என்கவுன்ட்டர்தான். மோதல் என்று பெயர் வைத்தால் புதியவர் ஆறு அறைக்கும் ஆறு சண்டை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். வழியில் எதிர்ப்படுவது எதுவானாலும் அடங்கும்படி "எதிர்ப்படல்" என்று வைக்கலாம்.

"சமநிலை" இன்னும் மோசம். இரு தரப்பும் சரிக்குச் சரி என்றால் வெல்லும் வாய்ப்பு பாதி. இந்த வகை ஆட்டங்களில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகள் ஒரு சாகச நாளைக்கு நடுத்தர, கடின வகையில் ஆறு முதல் எட்டு எதிர்ப்படல்களைக் குழு சமாளிக்கும் என்கின்றன. ஆறும் சரிக்குச் சரி என்றால் எல்லாவற்றையும் தாண்டும் வாய்ப்பு 64இல் 1. எந்தக் குழுவும் மாலை வரை தேறாது. விதிகளே குழுவின் பக்கம் நன்றாகச் சாய்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சமம் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தச் சாய்வு தெரியாமலே போய்விடும்.

"எதிர்ப்படல் ஈடு" எப்படி? ஈடுகொடுக்க முடிகிறதா என்பதுதானே கேள்வி.

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து

எதிர்ப்படலுக்கு என் ஓட்டு. ஈடு வேண்டாம் அக்கா, நகைக்கடை ஞாபகம்தான் வருகிறது. நஷ்டஈடு, ஈடு வைப்பது என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

சொல்லைத் தேடுமுன் கணக்கைப் பார்ப்போம். 2014 விதிப்படி முதல் நிலையில் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு நடுத்தர அளவு 200 அனுபவப் புள்ளி, கொடிய அளவு 400. ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) 50 புள்ளி. நான்கு கோப்ளின் 200தான், ஆனால் மூன்று முதல் ஆறு எதிரி வரை இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி. ஆக 400, கொடியது. காரணம் எளிது: ஒரு சுற்றில் நான்கு முறை அடிக்கிறார்கள். தலைக்கணக்குதான் ஆளைக் கொல்லும். (கோப்ளினுக்கு மலாய்க் கதைகளில் வரும் குட்டிப் பேயான தொயோல் என்று பெயர் மாற்றி ரப்பர் தோட்டத்தில் விட்டாலும் எண் அதேதான்.) 2024 திருத்தத்தில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கணக்கு சுலபமாயிற்று, ஆபத்து குறையவில்லை.

இப்போது கோப்ளினைவிடப் பெரிய அரக்கனான ஒற்றைப் பக்பேர். 200 புள்ளி, பெருக்கல் இல்லை. தாளில் நடுத்தரம். அதன் அடி சராசரி 11. மறைந்திருந்து திடீரென்று தாக்கினால் முதல் சுற்றில் இன்னொரு 7, மொத்தம் 18. எதிரே 8 உயிர்ப்புள்ளி உள்ள மந்திரவாதி. முதல் 8 அவரை வீழ்த்துகிறது, மிச்சம் 10. மிச்சம் அவருடைய முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்த இடத்திலேயே சாவு. உயிர்காப்புப் பகடை உருட்டக்கூட வாய்ப்பில்லை. "நடுத்தரம்" என்று அச்சிட்ட எதிரி சராசரி அடி ஒன்றிலேயே ஆளை முடித்துவிட்டது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அதனால் எதிரியின் எண் ஒன்று, குழு தாங்கும் அளவு வேறொன்று. முதலாவதற்குச் சவால் எண் (சேலஞ்ச் ரேட்டிங்) இருக்கிறது. இரண்டாவதற்கு "தாங்களவு" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஜார்ஜ்டவுன், பினாங்கிலிருந்து

கருத்து பிடித்திருக்கிறது, தம்பி. ஆனால் தாங்களவைப் பார்த்ததும் கண் "தாங்கள்" என்றுதான் படிக்கிறது. "தாங்குவரம்பு" என்றால்? வரம்புக்குள் இருக்கிறது, வரம்பை ஒட்டியிருக்கிறது, வரம்பு மீறிவிட்டது என்று மூன்று நிலையையும் பேச்சிலேயே சொல்லலாம்.

கையேட்டுக்கு ஒரு வரையறையும் தருகிறேன். எதிரியின் ஓர் அடி அதிகபட்சம் எவ்வளவு என்று பார். குழுவில் மிகக் குறைந்த உயிர்ப்புள்ளியின் இரு மடங்கை அது எட்டினால் வரம்பு மீறல். பக்பேரை வைத்தே ஆகவேண்டும் என்றால் பதுங்கலை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் சத்தத்தோடு வரவிடலாம். அப்போதும் பகடை ஏறினால் சாதாரண அடியே 18 வரை போகும், ஆனால் சராசரி 11தான். மந்திரவாதி விழுவார், தோழர்கள் எழுப்பலாம்.

வரம்பு மீறிய எதிரியே கூடாது என்பதில்லை. அது முன்பே தெரியவேண்டும். கைவிட்ட தோட்டத்து லயத்தில் ராட்சதன் இருக்கிறான் என்றால், வழியில் இடுப்பளவில் முறிந்த ரப்பர் மரம், பிறகு இரண்டாள் அகலத்தில் உடைந்த சுவர், பிறகு பாதி தின்ற மாடு. மூன்றில் ஒன்றாவது பகடை உருட்டாமலே கண்ணில் படவேண்டும். இருபது முகப் பகடையை உருட்டி 15 எட்டவேண்டிய சோதனையில், உருட்டியதோடு 5 கூட்டிக்கொள்ளும் திறன் உள்ளவர் தோற்கும் வாய்ப்பு 45 விழுக்காடு. ஒரே தடயத்தை அதன் பின்னால் ஒளித்துவிட்டு "நீங்கள் கவனிக்கவில்லை" என்று கதைநடத்துநர் சொல்வது அழுகுணி ஆட்டம். தப்பிக்க இரண்டாவது வாசலும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து

தாங்குவரம்புக்குச் சம்மதம். இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: வரம்பு நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மந்திரம் தீரத் தீர இறங்கும், நீண்ட ஓய்வெடுத்தால் ஏறும். மூன்று மணி நேர அமர்வில் இரண்டு எதிர்ப்படல்தான் நடக்கிறது என்றால், எல்லா மந்திரத்தையும் அந்த இரண்டிலேயே கொட்டிவிடுவார்கள். புத்தகத்தில் "கடினம்" என்றது சப்பென்று முடியும். அதற்காக எதிரியின் உயிர்ப்புள்ளியை நடுவில் ரகசியமாக ஏற்றுவது எனக்குப் பிடிக்காது, ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று கோப்ளினை முதலில் இறக்கி, இரண்டைக் கூப்பிடுதூரத்தில் வைத்து, கொம்பு ஊதினால் மூன்றாம் சுற்றில் வருவார்கள் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது நேர்மை. கொம்பைப் பிடுங்கினால் வரமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து

சரி, சமநிலையைத் திரும்பப் பெறுகிறேன். கையேட்டில் எதிர்ப்படல், தாங்குவரம்பு, சவால் எண் மூன்றும் ஏறுகின்றன. பக்பேர் கணக்கு கட்டம்போட்டு வரும். "இரு மடங்கு" விதியை முதல் இரண்டு நிலைக்கு மட்டும் என்று போடுகிறேன், மேல்நிலையில் உடனடிச் சாவு அபூர்வம். குழுவில் எல்லாருமே சாகும் "டோட்டல் பார்ட்டி கில்" இன்னும் பாக்கி. பட்டியலில் இப்போதைக்கு "குழுமுழுச்சாவு" என்றிருக்கிறது. வாயில் நுழையவில்லை, வேறு யோசியுங்கள்.