மறுமொழி: பிள்ளைகளுக்குக் கணினி – முதலில் ரோபோ, அப்புறம் மடிக்கணினி

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பது பற்றி வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நம் சங்கம் எத்தனை மடிக்கணினி வாங்குவது, எந்த மாடல் என்றே பேச்சு போகிறது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு 3 ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் வகுப்பு எடுத்து வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: முதல் சில வாரங்களுக்குக் கருவியே வேண்டாம்.

என் முதல் வகுப்பில் நான்தான் ரோபோ. பிள்ளைகள் சொல்வதை அப்படியே செய்வேன், சொல்லாததைச் செய்யமாட்டேன். ஒரு முறை ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி "நட" என்றாள். நடந்தேன். சுவரில் முட்டிய பிறகும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சுவர் வந்தா நில்லு, வரலைன்னா நட" என்றாள். நிபந்தனை என்ற சொல்லை அப்புறம்தான் சொல்லிக் கொடுத்தேன். விஷயத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்து அட்டை விளையாட்டு. ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பேர் வரிசையாக நின்று ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். "13 காட்டுங்கள்" என்றால் 8, 4, 1 மட்டும் முகம் காட்டும். மற்ற இரண்டும் திரும்பிக்கொள்ளும். இப்படியே 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டிவிடலாம். "ஆறாவது அட்டை இருந்தால் அதில் எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது ஒரு பிள்ளை 32 என்று கத்தும். முகம் காட்டினால் 1, திரும்பிக்கொண்டால் 0. இப்படி இரண்டே குறிகளால் எண்களை எழுதும் கணினியின் முறைதான் இருமம், அவ்வளவுதான். கணினி இல்லாமலே கணினியியல் கற்பிக்கும் இந்த வழியை 1990களில் நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் வளர்த்தெடுத்தார்கள்.

அதன் பிறகு திரைக்குப் போகலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத 5–7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், அதாவது கட்டளைத் துண்டுகளை அடுக்கிக் கதையும் விளையாட்டும் செய்யும் செயலி. அதில் கட்டளைகள் எல்லாம் படங்கள்தான். 8 வயதுக்கு மேல், கட்டளைகள் எழுத்தில் வரும் ஸ்கிராட்ச். இரண்டும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு கணினிக்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் மவுஸ் பிடிக்க, மற்றவர் சொல்ல, பத்து நிமிடத்துக்கொரு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது. பிள்ளை திணறும்போது மவுஸை வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் கற்றது நாம்தான். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது, கணினி பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பதைத்தான்.

கோப்பைச் சேமிப்பது, மறுபடி தேடி எடுப்பது, கடவுச்சொல் இதெல்லாம் போகிற போக்கில் வந்துவிடும். ஒன்றை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: திரையில் பயமுறுத்துகிற மாதிரி எதையாவது பார்த்தால் உடனே வந்து சொல், உன்னைத் திட்டமாட்டோம். டேப்லெட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. ஆகவே இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள், கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கு வையுங்கள். ரோபோ விளையாட்டை அவர்களே ஒரு முறை ஆடிப் பார்க்கட்டும். பயிற்சியில் உதவ நான் தயார். வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்.