தள்ளுவண்டி முக்கால் மணித்தியாலத்தில் வந்தது: இரைப்பைப் புற்றுநோய் அனுபவங்கள்

மட்டுநகர் மகள்

அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில்கூடச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கமரா விட்டு, துண்டு எடுத்து அனுப்பி, இன்னதுதான் என்று தெரிந்த பிறகு சத்திரசிகிச்சைக்கு நாள் வாங்கப் போயிருந்தோம். வைத்தியர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அம்மாவின் பின்னால் நின்றார். இடது காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவேயில்லை.

"இது எத்தனை நாளாக இருக்கிறது அம்மா?"

"அதுவா ஐயா, தாலிக்கொடி உரசி வந்த நெறி."

படத்தை உறைக்குள் போட்டார். நாள் குறிக்கவில்லை.

அந்தக் கட்டியை நான் ஆறு கிழமைக்கு முன்பே கண்டவள். கொட்டைப்பாக்கு அளவு, வலி இல்லை. கொடி உரசுகிறது என்று அம்மா சொன்னதும் அந்த இடத்தில் வெள்ளைத் துணி சுற்றித் தைத்துக் கொடுத்தவள் நான்தான். வயிற்று நோய் கழுத்தில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வயிற்றிலிருந்து மேலே போகும் நிணநீர்ப் பெருங்குழாய் இடது கழுத்தடியில்தான் இரத்தக்குழாயில் சேர்கிறதாம். அதைப் பிறகுதான் சொன்னார்கள்.

சம்மாந்துறையான்

வாப்பாவுக்கு ஸ்கேனில் ஈரல் சுத்தம், நுரையீரல் சுத்தம். "முதலில் சிறு துளையிட்டுக் கமராவால் பார்ப்போம், சரியாக இருந்தால் தொடர்ந்து வெட்டி எடுப்போம், ஐந்து மணித்தியாலம் ஆகலாம்" என்றார்கள். ஐந்து மணித்தியாலம் என்பது மட்டும்தான் எங்கள் காதில் ஏறியது.

முக்கால் மணித்தியாலத்தில் தள்ளுவண்டி வெளியே வந்துவிட்டது. சாச்சா என் கையைப் பிடித்து, "பார்த்தாயா, எவ்வளவு விரைவாக முடித்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் அங்கேயே நின்று உம்மாவுக்குப் போன் எடுத்து, "நல்லபடியாக முடிந்துவிட்டது" என்று சொன்னேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் வைத்தியர் கூப்பிட்டார். வயிற்றறையின் உட்சவ்வு முழுக்க ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவு சிறியவை ஸ்கேனில் தெரியாதாம். இரைப்பையைத் தொடாமலே துளைகளைத் தைத்துவிட்டார்கள்.

வாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்த முகத்தோடு நின்றார்கள். எல்லோருக்கும் உம்மா சொல்லியிருந்தார். அந்தப் போனை நான் எடுத்திருக்கக் கூடாது.

படுவான்கரை

என் மாமா கடைசிப் போகம்வரை வயலில் நின்ற மனிதர். வெட்டித் திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். மூன்று மாதம்தான். கட்டியில் கத்தி பட்டு, காற்றும் பட்டால் அது ஓடத் தொடங்கிவிடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வீண்பேச்சு அல்ல. சம்மாந்துறைத் தம்பியின் வாப்பாவுக்கும் அதுதான் நடந்திருக்கும். வயிற்றைத் திறக்க விடாதீர்கள்.

ஆரையம்பதி அக்கா

எனக்கு இரைப்பை முழுவதையும் எடுத்து ஒன்பது வருடம். என் கதை அவ்வளவுதான். படுவான்கரைத் தம்பிக்குத்தான் எழுத வந்தேன்.

தம்பி, காற்றுப் பட்டுப் பரவுவதில்லை. உங்கள் மாமாவைத் திறந்தபோதே அது பரவியிருந்தது. அதனால்தான் மூடினார்கள். இந்த நோய் இரைப்பைச் சுவரின் உட்படையில் தொடங்கி, தசையைத் துளைத்து, வெளிச்சவ்வுவரை வரும். வெளியே வந்தால் வயிற்றறைக்குள் விதை போல உதிரும். நிணநீர் வழியாகக் கணுக்களுக்கு, அதாவது நெறி கட்டும் இடங்களுக்குப் போகும், இரத்தம் வழியாக ஈரலுக்குப் போகும். பெண்களுக்குச் சூலகத்திலும் வந்து இறங்கும். இதற்கெல்லாம் கத்தி தேவையில்லை.

1881 ஜனவரியில் வியன்னாவில் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு இணைத்தார். அந்தப் பெண் எழுந்து சாப்பிட்டார். சுமார் நான்கு மாதத்தில் நோய் திரும்பி இறந்துபோனார். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது என்பதை வைத்தியர்கள் இப்படித்தான் படித்தார்கள். இப்போது சுற்றியுள்ள கணுக்களையும் சேர்த்து எடுத்து, குறைந்தது பதினைந்தையாவது சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு 27 எடுத்தார்கள், இரண்டில் நோய் இருந்தது. முன்னும் பின்னும் மருந்து ஏற்றினார்கள். உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு பொருத்தியிருக்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாக இருப்பவர்கள் யாராவது வாசித்தால்: ஒரு நாளில் ஆறு தடவை, தேநீர்ப் பீரிசு அளவு சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடியுங்கள். சீனி போட்ட எதையும் வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். ஒரு தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டேன், கால் மணியில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மடை வைத்த இடத்திலேயே படுத்துவிட்டேன். பி12 ஊசியை உயிருள்ளவரை விடக் கூடாது, அதை உடம்பில் ஏற்ற இரைப்பை இல்லை. கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள்.

பிள்ளைகளும் சகோதரர்களும் ஹெலிகோபாக்டர் கிருமிக்குச் சோதனை செய்யுங்கள். இரைப்பைப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்று காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய்க்கும் அதுவே பெரிய காரணம். இரண்டு கிழமை மாத்திரையில் பெரும்பாலும் போய்விடும். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வயிற்றெரிவு வந்து, உடம்பும் மெலிந்தால், பாமசியில் பாணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மகளே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கழுத்துக் கட்டி தெரிந்த அன்றே நோய் வெட்டி எடுக்கும் எல்லையைத் தாண்டியிருந்தது. ஆறு கிழமைக்கு முன் நீங்கள் ஓடியிருந்தாலும் நாள் குறித்திருக்க மாட்டார்கள்.

படுவான்கரை

அக்கா, கோபத்தில் எழுதிவிட்டேன். மாமா வயிற்றைத் திறப்பதற்கு முந்திய ஒரு வருடமாகவே பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழும்புவார். "வயிறு நிறைந்துவிட்டது" என்பார். நான் பக்கத்தில்தான் இருந்து சாப்பிடுவேன். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சம்மாந்துறையான்

என் வாப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்.

மட்டுநகர் மகள்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். வைத்தியரும் இதையேதான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். மருந்து ஏற்றினார்கள், கட்டி சற்றுச் சுருங்கவும் செய்தது. கொடியைக் கழற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார், துணி இருப்பதால் உரசவில்லை என்றார். இப்போது கொடி அப்பாவின் அலுமாரியில் இருக்கிறது. துணியை இன்னும் பிரிக்கவில்லை.